மிதிவண்டியும் முழங்காலும்

(சங்கத்தின் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசியோர் பலர். இசை பேசியோர் பலர். எனக்கு அவ்விரண்டிலும் புலமை இல்லை. 34 ஆண்டுகள் தொழிற்சாலைக்கு மிதிவண்டியில் சென்று வந்தவன் நான். ஆகவே, எனக்குப் பழக்கமான மிதிவண்டியைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். தலைவர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

புனே ஒரு காலத்தில் மிதிவண்டி நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. நம் கட்கியில் சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாயிலிலிருந்து மிதிவண்டிகள் வெள்ளமாய் வெளிப்பட்ட காட்சியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்டிகள் ஏறக்குறைய ஒரே அளவு. ஏறியவர்களோ பல அளவு. நெட்டையானவர் முழங்காலை மார்பு வரை மடக்கி மிதித்தார். குட்டையானவர் இடுப்பை இருபுறமும் ஆட்டி மிதித்தார். எவரும் குறை சொல்லவில்லை. சிறுவயதில் தந்தையாரின் வண்டியில், குறுக்குக் கம்பிக்கு அடியே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்கள் அல்லவா நாம்? வண்டிக்கு ஏற்ப உடலை வளைத்துக்கொள்வதே நாம் கற்ற முதற்பாடம். அப்பாடம் தவறு என்று சொல்லவே இன்று வந்துள்ளேன்.

மிதிவண்டியின் தொடக்க நாட்களில் நிலைமை வேறாக இருந்தது. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய உயர்சக்கர வண்டியில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருந்தியிருந்தன. கால் எட்டாத அளவுக்குச் சக்கரம் பெரிதானால் மிதிக்க இயலாது. எனவே, ஏறுபவரின் கால் நீளத்தைப் பார்த்தே சக்கரத்தின் அளவைத் தேர்ந்தனர். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் அவ்வண்டியே இன்றைய மிதிவண்டிக்கு முன்னோடி. நம் வண்டிகளில் இருக்கையை ஏற்றவும் இறக்கவும் வழி உண்டு. அவ்வழியை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தினோம்?

என்னோடு ஒரே பட்டறையில் பணிபுரிந்த நண்பர் ஒருவர் இருந்தார். 52ஆம் வயதில் அவருக்கு முழங்காலின் முன்புறம் நோவு கண்டது. "வயதாகிவிட்டது அண்ணாச்சி, வண்டியை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள்" என்று அறிவுரை கூறியவன் நான். அவரும் விற்றார். அதன்பின் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக்கு அவர் வருவது குறைந்தது; சில மாதங்களில் நின்றே போயிற்று. ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார்.

நான் ஓய்வு பெற்றபோது என் மகன் கியர் பொருத்திய புதிய வண்டி வாங்கித் தந்தான். விற்ற கடைக்காரர் என் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் எனக்கும் அதே இடத்தில் நோவு. அதனோடு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயின. நண்பருக்குச் சொன்ன சொல்லையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். மருத்துவர் காலைச் சோதித்து, "எலும்பில் குறை இல்லை; வண்டியில் எப்படி உட்காருகிறீர்கள்?" என்று வினவினார். அவ்வினாவே என்னை வண்டிப் பொருத்தம் பார்க்கும் வல்லுநரிடம் கொண்டு சேர்த்தது.

அவர் முதலில் வண்டியைத் தொடவில்லை. எங்கே நோகிறது, எவ்வளவு தொலைவு செல்கிறேன், முன்பு அடிபட்டதுண்டா என்று கேட்டார். படுக்கவைத்து, இடுப்பும் தொடையும் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்தார். பின்னர் வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து, தொடைகளுக்கு இடையே ஒரு புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கச் செய்து, தரையிலிருந்து அளந்தார். 80 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினார். 1980களில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரவச் செய்த கணக்கு அது. பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை ஏறக்குறைய 70.6 சென்டிமீட்டர் வேண்டும். என் வண்டியில் இருந்தது 66. சிக்னலில் இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நானே தாழ்த்தி வைத்திருந்தேன்!

கணக்கு தொடக்கமே என்றார் அவர். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி மிதிக்கச் சொல்லி, கோணமானியால் முழங்காலை அளந்தார். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நன்று. இருக்கை தாழ்ந்தால் முழங்கால் மிகுதியாக மடங்கி, சில்லெலும்பு தொடை எலும்பின்மேல் அழுந்தும்; முன்புறம் நோகும். மிகவும் உயர்ந்தால் இடுப்பு ஆடும். முழங்காலின் பின்புறம் நோகும். விரல் மரத்ததற்கும் காரணம் காட்டினார். என் இருக்கையின் முனை கீழே சாய்ந்திருந்தது; கைப்பிடியோ எட்டத்தில் இருந்தது. உடலின் பாரம் கைகளில் இறங்கி, உள்ளங்கையில் சுண்டு விரற்பக்கம் செல்லும் நரம்பை அழுத்திற்று. இருக்கையை மட்டமாக்கி, கைப்பிடியைத் தாங்கும் தண்டைக் குறுகியதாக மாற்றினார். இருக்கையை ஒரே நாளில் ஏற்றாமல், வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றச் சொன்னார். ஆறு வாரத்தில் நோவு அடங்கியது. விரல்களில் உணர்ச்சி மீண்டது.

அன்பர்களே! அவர் பெற்ற கட்டணம் சிறியதன்று. நெடுந்தொலைவு ஓட்டுவோர்க்கும் நோவால் வருந்துவோர்க்கும் அது தகும். கடைத்தெருவுக்குச் சென்று வருவோர் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். சுவரைப் பிடித்து வண்டியில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது இடுப்புச் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் அளவாக மடங்கும். இருக்கைத் தண்டில் பொறித்த எல்லைக் கோட்டுக்கு மேல் இழுக்காதீர்கள். நோவு நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வளரும் பிள்ளை என்று பெரிய வண்டி வாங்காதீர்கள். பிரேக்கைச் சிறு விரல்கள் எட்டாவிட்டால் நேர்வது நோவு அன்று, விபத்து.

என் நண்பரின் நோவுக்கு இருக்கையே காரணம் என்று இன்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், வண்டியைப் பாராமலே வயதின்மேல் பழி போட்டது என் பிழை. சென்ற மாதம் தொலைபேசியில் அவரை அழைத்து, அதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி மகனின் வண்டி ஒன்று இங்கே சும்மா நிற்கிறது, இருக்கையை எந்த அளவில் வைக்க வேண்டும்?" என்று கேட்டார்.

பொங்கலுக்கு ஊர் செல்கிறேன். பெட்டியில் ஓர் அளவு நாடாவும் ஒரு ஸ்பேனரும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் இன்று வீடு திரும்பியதும் உங்கள் வண்டியின் இருக்கையை ஒருமுறை பாருங்கள்.