தரை சமீபிக்கும்போது



போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குச் சென்றவர்கள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தை ஏறி முடிப்பதற்குள், கீழே தென்னந்தோப்புகளின் புழுக்கத்தையும் மேலே ஏலத்தோட்டங்களின் குளிரையும் ஒரே முற்பகலில் அனுபவித்திருப்பார்கள். அவ்விரண்டுக்கும் நடுவே ஓயாமல் போய்வருகிற காற்றைப் பற்றியும், அந்தக் காற்றில் எஞ்சின் இல்லாத ஓர் இறக்கையில் தொங்கி வருகிற மனிதன் பத்திரமாகத் தரையைத் தொடும் வித்தையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

ஹாங் கிளைடர் என்பது அலுமினியக் குழாய்களின்மேல் துணி விரித்த இறக்கை. அதன் கீழே பட்டைகளில் கவிழ்ந்து தொங்குகிறவன், கையிலுள்ள முக்கோணச் சட்டத்தை இழுத்தும் தள்ளியும் தன் உடல் பாரத்தை நகர்த்தியே அதை நடத்துகிறான். தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்றது உதகைக்கு அருகிலுள்ள கல்லட்டிச் சரிவு. ஆனாலும் காற்றின் ஸ்வபாவத்தை அறிவதற்குப் போடி மலையடிவாரத்தைவிட நல்ல பாடசாலை கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே மலை மேற்கே நிற்கிறது. காலை வெயில் முதலில் சரிவின்மேல் விழுவதால், சூடேறிய காற்று சரிவோடு மேலேறுகிறது. பிற்பகலிலோ சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைய, நிழல் விழுந்த சரிவிலிருந்து குளிர்ந்த காற்று ஊரை நோக்கி வழியத் தொடங்குகிறது. இலவங்காய் வெடிக்கும் கோடைநாளில் தரையோரமாகப் பறக்கும் பஞ்சைக் கவனித்தால், முற்பகலில் மலையை நாடிய இழைகளே மாலையில் திரும்பி வருவதைக் காணலாம். ஆனி, ஆடியில் நிலைமை வேறு: தென்மேற்குப் பருவக்காற்று முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் சுழன்று விழும் அந்த மாதங்களில், எத்தனை சமர்த்தனும் இச்சரிவில் பறக்கலாகாது.

இறங்கும் இடத்தை உயரத்தில் இருக்கும்போதே தேர்ந்தெடுத்து, மின்கம்பிகள் எங்கே போகின்றன, தோப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து, காற்றின் திசையையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அடுப்புப் புகை அதைச் சொல்லும். கண்மாய் நீரும் சொல்லும்: எந்தக் கரையோரம் நீர் அலையின்றிக் கிடக்கிறதோ, அந்தப் பக்கமிருந்தே காற்று வருகிறது. தோப்பைத் தாண்டிவரும் காற்று, மரங்களின் உயரத்தைப்போல் பல மடங்கு தூரம் வரை புரண்டுகொண்டே வருமாதலால், அந்த மறைவில் இறங்குவது அபாயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தரை சமீபிக்கும்போது பயந்து வேகத்தைக் குறைப்பது மனித சுபாவம். உயிரைக் கொள்வதும் அதுவே. மேலே பலமாக வீசும் எதிர்காற்று தரையருகே தளர்ந்துவிடுவதால், இறங்க இறங்க இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் தானே குறைகிறது. முன்கூட்டி மிச்சம் வைத்த வேகம் இல்லாதவன் தொப்பென்று விழுகிறான். சுமார் 2000 முறை பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால், 1896 ஆகஸ்டு 9-ஆம் தேதி, காற்று இறக்கையின் முகத்தை மேலே தூக்கி வேகத்தை அறுத்துவிட்டதால் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் மாண்டார். ஆகவே, சட்டத்தை மார்பை நோக்கி இழுத்து, வேகம் குன்றாமல், எதிர்காற்றில் நேராக வர வேண்டும். தரையை ஒட்டி மிதக்கையில் வேகம் தானாக வடியும். கைப்பிடியில் அழுத்தம் அற்றுப்போகும் அந்தக் கணத்தில்தான் சட்டத்தை முழுமூச்சாக மேலே தள்ளி, பருந்து கிளையில் அமரும்போது இறக்கையை விரித்து நிமிர்வதுபோல் நிமிர வேண்டும். முந்தித் தள்ளினால் மேலே எழும்பிவிடும். அப்படி எழும்பிவிட்டாலும், பதறிச் சட்டத்தை இழுத்துவிடாமல் பிடித்த பிடியில் நிற்பதே ரட்சை.

போடிப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்தில் என்றாவது ஒருவர் இப்படி இறங்கினால், அவர் வரும் பாதையில் குழந்தைகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கி நின்ற பிறகும் பலத்த காற்று இறக்கையைக் கவிழ்த்துவிடலாம். உதவ விரும்புகிறவர்கள் அவரிடம் கேட்டுவிட்டு, பின்புறத் துணியைத் தொடாமல், முன்பக்கமாக வந்து மூக்கிலுள்ள கம்பி வடங்களைப் பிடித்து, இறக்கையின் முகத்தைக் காற்றுக்கு எதிரே தாழ்த்தி வைத்திருங்கள். அவர் பட்டைகளைக் கழற்றி வெளியே வரும்வரை விட்டுவிடாதீர்கள்.