எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது எண்ணெய்க் கசிவைத் தடுப்பது எப்படி?

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



உழவுக்கு டிராக்டரும் இறைப்புக்கு டீசல் எஞ்சினும் நம் கிராமங்களில் ஏரும் கவலையும் இருந்த இடத்தைப் பிடித்து வெகு காலமாயிற்று. 2017-18ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் சேர்ந்த குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. அதன் பயனாகப் பல ஊர்களில் பொதுவில் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. உழைத்த இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் காலமும் வரத்தான் செய்யும்.

நமது வட்டாரத்தில் ஒரு குழு தன் டிராக்டர் எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டியது. ஒரு மாதத்திற்குள் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. மெக்கானிக்கின் கை சரியில்லை என்றனர் சிலர். மட்டமான சாமான் வாங்கப்பட்டது என்றனர் வேறு சிலர். கணக்கு எழுதியவர் மீதும் சந்தேகம் விழுந்தது. நடவுக்கு முந்திய வாரத்தில் வண்டி கொட்டகையில் நின்றது. கடைசியில் ஒருவர் பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அதனுள் குளவி மண் கூடு கட்டியிருந்தது! காசு செலவில்லாமல் தீர்ந்திருக்க வேண்டிய குறை, நூறு குடும்பங்களின் ஒற்றுமைக்கே ஊறு செய்ய இருந்தது. ஆகவேதான் இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்தலாகாது. ஐந்து விநாடிக்கு ஒரு துளி வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 5,760 துளிகள் வீணாகும். முப்பது துளி ஒரு மில்லி லிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 மில்லி லிட்டர். பத்து நாளில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். பணநஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். எண்ணெய் மட்டம் குறைந்து பேரிங் வறண்டால் கிராங்க் ஷாப்டே பாழாகிவிடும். பின்புறம் கசியும் எண்ணெய் கிளட்ச் தட்டை நனைத்து நழுவச் செய்யும். கிணற்று மேட்டில் சிந்தியது குடிநீரைக் கெடுக்கும்.

கசிவு எதனால் உண்டாகிறது? காரணங்கள் மூன்று. முதலாவது, உள்ளிருந்து தள்ளும் அழுத்தம். இரண்டாவது, மட்டமும் சுத்தமும் இல்லாத முகப்பு. மூன்றாவது, தேய்ந்த ஷாப்டு அல்லது தவறாக ஏற்றிய ஆயில் சீல். இம்மூன்றையும் அறிந்துகொள்ளாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்திற்கு வெளியே வெள்ளை அடிப்பதற்கு ஒப்பாகும்.

பிரிப்பதற்கு முன்பே கசியும் இடத்தைக் கண்டறிதல் வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்று அதைப் பின்னோக்கியும் அடிக்கும். ஆதலால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறாக இருக்கலாம். எஞ்சினை நன்கு கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவிச் சிறிது நேரம் ஓட்டுங்கள். முதலில் ஈரம் காணும் இடமே குற்றவாளி. சுழலும் பெல்ட், விசிறி அருகில் கை நீட்டலாகாது. பிறகு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபு என்று வந்தால் பிரீதர் அடைபட்டிருக்கலாம். அல்லது பிஸ்டன் ரிங்குகளும் லைனரும் தேய்ந்திருக்கலாம். ரிங்கைக் கவனியாமல் புதுச் சீல் போட்டால், அழுத்தம் அதையும் மீறி எண்ணெயை வெளியே தள்ளும்.

பிரித்தபின் முதல் வேலை சுத்தம். பழைய எஞ்சின்களின் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். ஆகையால் உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து, மழுங்கிய தகட்டினால் மெதுவாக எடுத்தல் நலம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாகாது. அதன் மணல் உதிர்ந்து பேரிங்கிற்குள் போய்விடும். மண்ணெண்ணெயில் கழுவிய முகப்பில் பிசுக்குத் தங்குமாதலால், கடைசியாகத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். இவ்வேலையின்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது.

அடுத்தது மட்டம். எண்ணெய்த் தொட்டியாகிய சேம்பர் தகரத்தால் ஆனதாயின், போல்ட்டை இறுக்கி இறுக்கித் துளையைச் சுற்றி மேடு கிளம்பியிருக்கும். அந்த மேடு முதலில் அமர, இடையில் சந்து விழும். கட்டை மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி மட்டமாக்குங்கள். சிலிண்டர் ஹெட்டின் முகப்பில் நேரான இரும்பு மட்டத்தை வைத்து, இடையில் பீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனிக் கைப்புத்தகம் குறித்த அளவுக்கு மேல் வளைந்திருந்தால் பட்டறையில் கடைந்து வாங்குவதே முறை.

கேஸ்கெட் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பூசினால் கசியாது என்பது பலரது எண்ணம். இது பெருந்தவறு. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்து, எஞ்சினையே இறுக்கிவிடும். எஞ்சினுக்கென்று விற்கும் சிலிகான் பசையை மெல்லிய இழையாக, போல்ட் துளைக்கு உட்புறமாகச் சுற்றி இட்டு, ஆடை படியுமுன் பூட்டுதல் வேண்டும். அது இறுகக் குறித்துள்ள நேரம் கழிந்தபிறகே எண்ணெய் ஊற்றலாம். ஹெட் கேஸ்கெட்டுக்கு இப்பசை வேண்டாம். கார்க் கேஸ்கெட்டை மிகையாக இறுக்கினால் அது பிதுங்கிக் கிழிந்துவிடும்.

ஆயில் சீல் ஏற்றும் முன், அது உரசும் ஷாப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால் புதுச் சீலும் நிற்காது. சீலைச் சிறிது முன்பின் தள்ளிப் பள்ளமில்லாத இடத்தில் உதடு அமருமாறு பொருத்தலாம். இடமில்லையேல் மெல்லிய எஃகு வளையம் ஏற்றலாம். மெயின் பேரிங் தேய்ந்து ஷாப்டு ஆடினால், முதலில் பேரிங்கைச் சீர் செய்க. ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சாவிப் பள்ளத்தின் கூர்முனை கிழிக்காதபடி தாளைச் சுற்றி, சாயாமல் நேராக ஏற்றுதல் அவசியம். பழைய பெர்க்கின்ஸ் வகை எஞ்சின்கள் சிலவற்றின் பின்புறம் கயிற்றுச் சீல் இருக்கும். அதை எண்ணெயில் ஊறவைத்து, பள்ளத்தில் நன்றாக அழுத்திப் பதிக்க வேண்டும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். டார்க் ஸ்பேனரை உபயோகித்து, கைப்புத்தகம் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் வார்ப்பே விரிந்துவிடக்கூடும், துடைத்தபின் பூட்டுக. உள்ளே எண்ணெய்வரை செல்லும் போல்ட்டின் மரையில் மட்டும் பசை தடவலாம். செப்பு வாஷர்களைப் புதிதாக இடுதல் நலம்; கிடைக்காவிடில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மை பெறும்.

எண்ணெயை அளவுகோலின் மேல் கோட்டுக்கு மிகாமல் ஊற்றுங்கள். மிகுதியும் கசிவுக்கு வழி செய்யும். டீசலை அடைத்து வைத்து எஞ்சினைச் சில சுற்றுச் சுழற்றினால் எண்ணெய் பேரிங்குகளுக்குச் சென்று சேரும். ஓட்டியவுடன் எண்ணெய் அழுத்த முள்ளைக் கவனியுங்கள். முள் எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் பால் போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள், அதற்குமேல் ஓட்டலாகாது.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலும் வரப்பிலும் கொட்டாதீர்கள். சட்டப்படி அது அபாயகரக் கழிவு. மூடிய டப்பாவில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரச் செய்வதைப் பஞ்சாயத்து ஓர் ஏற்பாடாகவே செய்யலாம்.

நிறைவாக, குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய சாமான், பூட்டியவர் பெயர் ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். எண்ணெய்ச் செலவு ஏறுவதைப் புத்தகம் முதலிலேயே காட்டிவிடும். வீண் சந்தேகத்திற்கு இடமிராது. பிரித்த எஞ்சினைப் பூட்டுவது மெக்கானிக்கின் வேலை. அவர் அருகில் நின்று, பிரீதர் பார்த்தாயிற்றா, ஷாப்டு பார்த்தாயிற்றா என்று கேட்பது உடையவர்களின் வேலை. அடுத்த சாகுபடிக்கு முன்னர் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்து முடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, நமது உரையை முடித்துக்கொள்கிறோம்.