உழவு மாட்டுக்கு ஏற்ற மூக்கணாங்கயிறு

(தென்காசி வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் சிற்றாற்றுப் பாசனத்தில் கார் சாகுபடிக்கு வயலைத் தயார் செய்கிறோம். டிராக்டர் பெருகிவிட்ட போதிலும், சிறு வயல்களில் பரம்படிக்கவும் வண்டி பூட்டவும் உங்களில் சிலர் இன்றும் காளைகளை வைத்திருக்கிறீர்கள். அக்காளைகளை நடத்தும் மூக்கணாங்கயிற்றைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

குதிரைக்கு வாயில் கடிவாளம் போடுகிறார்கள். அதன் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கே நாக்கின்மேல் அமர்கிறது. மாடோ நாள்தோறும் பல மணி நேரம் அசைபோடும் பிராணி. அதன் வாயில் இரும்பு வைப்பது பொருந்தாது. ஆகவேதான் நம் முன்னோர் மூக்கில் கயிறு கோத்தனர். இரு நாசித் துளைகளுக்கும் நடுவிலுள்ள மென்மையான பகுதியில் உணர்ச்சி மிகுதி. இலேசாக இழுத்தாலே மாட்டுக்குத் தெரியும்.

குதிரைக்காரர்கள் அறிந்த விதி ஒன்று நமக்கும் பொருந்தும். மெல்லிய இரும்பு வாயை அறுக்கும். சற்றுப் பருத்தது மென்மையாக அழுத்தும். ஒரே இழுப்பு குறுகிய இடத்தில் விழுந்தால் அழுத்தம் கூடுவதே இதற்குக் காரணம். கயிற்றுக்கும் இதுவே கணக்கு.

காளை சொல் கேட்கவில்லை என்றதும் பருத்திக் கயிற்றை நீக்கிவிட்டு மெல்லிய நைலான் கயிறு போடுவோர் உண்டு. முதலில் பலன் தெரியும். நாளடைவில் அவ்விடம் புண்ணாகித் தழும்பேறும், உணர்ச்சி குறையும். பிறகு இன்னும் பலமாக இழுக்க வேண்டிவரும். மேலும், நைலான் எளிதில் அறாது. மாடு மிரண்டு இழுக்கும்போது கயிறு அறாவிட்டால் மூக்கு கிழியும். மூக்கறுந்த காளையை ஏரில் நடத்துவது கடினம். சந்தையிலும் விலை போகாது.

எனவே, கயிற்றை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள். கழுத்தில் நுகத்தடி உராய்ந்த புண் உள்ளதா? குளம்பில் முள் தைத்துள்ளதா? இணை மாடு உயரத்திலும் நடையிலும் ஒத்திருக்கிறதா? போதிய பழக்கம் உண்டா? இவற்றைச் சரிசெய்தாலே பல காளைகள் அடங்கி நடக்கும்.

கயிறு தேர்ந்தெடுக்கும்போதும் மாற்றும்போதும் கவனிக்க வேண்டியவை:

1. மிருதுவான பருத்தி நூல் கயிறே சிறந்தது. நார் பிசிறும் தென்னங்கயிறு மூக்கை அராவும்.

2. கயிறு துளையில் தடையின்றி நகர வேண்டும். முடிச்சு மூக்கினுள் இருக்கலாகாது.

3. பருத்திக் கயிறு நனைந்தால் நீளம் சுருங்கும். சாரல் காலத்தில் முகத்தை இறுக்காதபடி சற்றுத் தளர்வாகக் கட்டவும்.

4. நைந்த கயிற்றையும், சேறு படிந்து விறைத்த கயிற்றையும் உடனே மாற்றவும். புதுக் கயிற்றின் நுனியைப் பழைய கயிற்றின் நுனியுடன் தடிப்பில்லாமல் தைத்து, வேப்பெண்ணெய் தடவி மெதுவாக உருவினால் மாட்டுக்கு வலி இராது. வேலையில்லாத நாளில் காலை வேளையில் இதைச் செய்வது நல்லது.

5. மூக்கில் புண் இருந்தால் ஆறும் வரை ஏர் பூட்டாதீர்கள். தலையைச் சுற்றிக் கட்டும் முகக்கயிற்றில் பிடித்து வையுங்கள். ஈ மொய்த்துப் புழு வைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.

6. இளங்காளைக்கு முதன்முறை மூக்குக் குத்தும்போது மருத்துவர் உதவியை நாடவும். குருத்தெலும்பைத் துளைத்துவிட்டால் புண் எளிதில் ஆறாது.

தார்க்குச்சியைப் பற்றியும் ஒரு சொல். வண்டி மாட்டை ஓட்ட முள் பொருத்திய குச்சியையோ கடிவாளத்தையோ பயன்படுத்துவதை, இழுவை விலங்குகள் வதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் பூட்டலாகாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

மூக்கணாங்கயிறு மாட்டுக்குச் சைகை காட்டுவதற்கே. இழுத்து நிறுத்துவதற்கு அன்று. குரலுக்குப் பழகிய காளைக்குக் கயிற்றின் வேலை குறைவு. இந்தக் கார் பருவத்தில் ஏர் கட்டுமுன் உங்கள் காளையின் மூக்கை ஒருமுறை விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.