மோப்பம் பிடிக்கும் சங்கிலி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரசாயன விஞ்ஞானத்தைப்பற்றி அனைவருக்கும் விளங்குமாறு பேசவேண்டும் என்று நமது காரியதரிசியார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். ஆகவே, யாவரும் அறிந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறேன். மின்சார வேலை செய்பவன் கையிலுள்ள திருப்புளிக்குப் பிளாஸ்டிக்கினால் பிடி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் அதனுள் பாயாது என்ற நம்பிக்கையினாலேயே அவன் அஞ்சாது வேலை செய்கிறான். சிறு மூலக்கூறுகள் பல, மாலையில் மணிகள்போல் ஒன்றோடொன்று கோக்கப்பெற்று நெடுஞ்சங்கிலியாவதே பாலிமர் எனப்படும். பிளாஸ்டிக் அவ்வினத்தைச் சேர்ந்தது. பாலிமர் என்றால் மின்சாரத்தைத் தடுப்பது என்பதே நெடுங்காலம் உலகத்தார் கொண்டிருந்த முடிபு.

அம்முடிபை மாற்றியது ஒரு பிழை. 1967-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்துத் தோக்கியோ நகரில், ஹிதேகி ஷிரகாவா என்னும் அறிஞர் பணியாற்றிய ஆராய்ச்சிசாலையில் அசிடிலின் வாயுவைச் சங்கிலியாகக் கோக்கும் முயற்சி நடந்தது. அதற்குரிய ஊக்கிப் பொருளை, வேண்டிய அளவினும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்டனர். கரும்பொடி வரவேண்டிய இடத்தில் வெள்ளிபோல் மின்னும் மெல்லேடு ஒன்று படிந்தது. வேறொருவராயின் அதைக் குப்பையில் எறிந்திருப்பார். ஷிரகாவா அதைப் போற்றி ஆராய்ந்தார். பின்னர், அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் என்னும் இருவரோடு அவர் சேர்ந்து உழைத்தார். அவ்வேட்டின்மீது அயோடின் போன்றவற்றின் ஆவி படுமாறு செய்யவே, மின்சாரம் கடத்தும் ஆற்றல் ஒரு கோடி மடங்கு பெருகியது. 1977-இல் அவர்கள் அதை வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டில் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, இன்று நான் சிறப்பாகக் கூறவந்தவரிடம் வருகிறேன். அவர் பெயர் திமதி ஸ்வேகர். 1961-இல் அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் பிறந்து, அங்கேயே பட்டம் பெற்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1988-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். மக்டயர்மிட் இருந்த அதே பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 1990-இல் ஆசிரியராகி, 1996-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். மின்சாரம் பாயவல்ல சங்கிலிகளைக்கொண்டு கம்பிக்குப் பதில் வேறு கம்பி செய்வதோடு நில்லாமல், அவற்றைக்கொண்டு மோப்பம் பிடிக்கலாமோ என்று அவர் எண்ணினார்.

இந்த யுக்தியை ஓர் உவமையால் விளக்குகிறேன். நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு விளக்கு எரிகிறது. ஒரு கள்வன் வந்து ஒரு வீட்டு விளக்கை அணைத்தால், தொலைவில் நிற்பவன் அதை அறியான். தொண்ணூற்றொன்பது விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்குமல்லவா? இப்பொழுது முறையை மாற்றுவோம். ஒருவன் கையில் விளக்கேந்தித் தெரு நெடுக நடக்கிறான். எந்த வீட்டுத் திண்ணையில் கள்வன் பதுங்கியிருந்தாலும் அவ்விளக்கு பறிபோகும், தெருவே இருண்டுவிடும். கள்வன் ஒருவனே, ஆனால் அவனைக் காணாதிருக்க முடியாது. ஸ்வேகர் செய்த சங்கிலியின்மீது தக்க ஒளியைப் பாய்ச்சினால் அது தானும் ஒளிவீசும். அப்பொழுது அது கொண்ட சக்தி ஒரே இடத்தில் நில்லாமல், சங்கிலியின் வழியே கண்ணி கண்ணியாக ஓடுகிறது. ஏதேனும் ஒரு கண்ணியில் அயல் மூலக்கூறு ஒன்று வந்து பற்றினால், ஓடிவரும் சக்தி அங்கே சிக்கி, ஒளி மங்குகிறது. 1995-இல் அவரும் அவருடைய மாணாக்கரும் இதைப் பரிசோதனையால் நிலைநாட்டினர்.

இதனால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். யுத்தம் முடிந்து படைகள் போன பின்னும், மண்ணில் புதைத்த கண்ணிவெடிகள் போவதில்லை. உழவு செய்பவனும், விறகு பொறுக்கும் பெண்ணும், விளையாடும் குழந்தையும் அவற்றை மிதித்துக் காலையும் உயிரையும் இழக்கின்றனர். உலோகத்தைக் காட்டும் கருவி இருக்கிறதே என்னலாம். அக்கருவிக்குத் தப்பும்பொருட்டே பல வெடிகளைப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்திருக்கின்றனர். ஆனால் உள்ளிருக்கும் டி.என்.டி. என்னும் வெடிமருந்து மிகச் சிறிதளவு ஆவியாகிக்கொண்டே இருக்கும். நூறு கோடிப் பங்கு காற்றில் அவ்வாவி ஒரு சில பங்கே சேரக்கூடும். நாயின் மூக்கு அதை அறியும். மனிதன் மூக்கு அறியாது.

அவ்வாவியைப் பிடிக்க 1998-இல் ஸ்வேகர் குழுவினர் புதியதொரு சங்கிலியைச் செய்தனர். சங்கிலிகள் ஒன்றன்மேலொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டால் ஆவி உள்ளே நுழையாது, ஒளியும் குன்றும். ஆதலின் பருத்த கிளைகளை இடையிடையே அமைத்து, ஏட்டினுள் இடைவெளி உண்டாக்கினர். ஆவி அவ்வழியே புகுந்து ஒளியை மங்கச் செய்தது. இதைக்கொண்டு ஒக்லஹோமா மாகாணத்துக் கம்பெனி ஒன்று, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியொன்றைச் செய்தது. அதற்கு ஃபிடோ என்று பெயர். அது ஆங்கிலேயர் வீட்டு நாய்க்கு இடும் செல்லப்பெயர். இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மறைவெடிகளைக் கண்டறிய அது பயன்பட்டது. பிளாஸ்டிக் கூடு ஒளித்துவைத்ததைப் பிளாஸ்டிக்கின் உறவே காட்டிக்கொடுத்தது! 2007-இல் ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள லெமெல்சன் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அழிவைக் கண்டறிவதோடு அவர் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பது நம் ஊர் வழக்கம். அப்புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே காயைக் கனியாக்குகிறது. பழமும் அவ்வாயுவைத் தானே வெளிவிடும். நுண்ணிய கரிக்குழாய்களோடு செம்பு சேர்ந்த கூட்டுப்பொருளைக் கலந்து, அவ்வாயுவை அளக்கும் உணர்கருவியை அவர் குழுவினர் 2012-இல் வெளியிட்டனர். இறைச்சி கெடுவதைக் காட்டும் கருவி 2015-இல் வந்தது. கிடங்கிலே அழுகி வீணாகும் உணவு ஏழையின் உணவல்லவா?

இக்கருவிகளால் கண்ணிவெடியின் கொடுமை தீர்ந்துவிட்டதென்று நான் கூறவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இன்னமும் அதற்கு இரையாகின்றனர். வெடியைச் செய்யச் சில நாழிகை போதும். அதைக் கண்டுபிடிக்கும் அறிவை ஈட்டப் பல்லாண்டுகள் வேண்டியிருக்கின்றன. 1967-இல் நேர்ந்த பிழையை ஒருவர் எறிந்துவிடாமல் காத்தார். அதனால் பிறந்த அறிவை மற்றொருவர், முதல்வர் எண்ணியிராத வழியில் கொண்டுசென்றார். அறிவும் ஒரு சங்கிலியே.

பெற்றோர்களே! உங்கள் புதல்வனோ புதல்வியோ பரிசோதனையில் பிழை செய்துவிட்டுக் கலங்கி நின்றால், கடிந்துகொள்ளாதீர்கள். "என்ன கண்டாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவே இன்று நான் வேண்டிக்கொள்வது.