நலிந்த கினிப்பன்றிக் குட்டியைப் பேணும் முறை

தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதரோடு வாழப் பழகிய சிறு விலங்கொன்று இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் சிறுவர்களின் செல்லப்பிராணியாக விளங்குகின்றது. அதுவே கினிப்பன்றி. சீமைப்பெருச்சாளி என்று வழங்குவாரும் உளர். பெயரில் பன்றி என்றிருப்பினும் அது பன்றியினத்தைச் சேர்ந்ததன்று. எலியையும் அணிலையும் போலக் கொறித்துண்ணும் விலங்கே ஆகும்.

வாங்கும்பொழுது இரண்டாக இருந்தவை ஒருநாள் காலையில் ஐந்தாகவோ ஆறாகவோ பெருகியிருக்கும். வீட்டார் மகிழ்வர். ஆயினும் குட்டிகளுள் ஒன்று மற்றவற்றிலும் சிறிதாய், நடை தளர்ந்து, மூலையில் ஒதுங்கிக் கிடத்தலும் உண்டு. அதனைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் கண்கலங்குவர். அவ்வேளையில் இரக்கம் மட்டும் போதாது. முறையறியாத இரக்கமே அக்குட்டியின் உயிருக்கு இறுதியாகிவிடுவதும் உண்டு.

பூனைக்குட்டி கண் மூடியபடி பிறக்கின்றது. எலிக்குஞ்சு மயிருமின்றிப் பிறக்கின்றது. கினிப்பன்றியோ 59 முதல் 72 நாள் வரை கருவில் வளர்ந்து, திறந்த கண்ணும் உடல் நிறைந்த மயிரும் முளைத்த பற்களும் உடையதாய்ப் பிறக்கின்றது. சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கும். ஓரிரு நாளில் புல்லையும் கொறித்துப் பார்க்கும். ஆதலின், பிறந்த முதல் நாளில் குட்டி அதிகம் உண்ணாதிருப்பது கண்டு அஞ்சி, உடனே அதனைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. தாயின் அருகே அதற்குச் சூடும் பாலும் துணையும் ஒருங்கே கிடைக்கின்றன.

முதலிற் செய்யத்தக்கது நிறுத்துப் பார்த்தலே. சமையலறைத் தராசு இதற்குப் போதும். நலமான குட்டி ஏறத்தாழ 60 முதல் 115 கிராம் வரை இருக்கும். 60 கிராமுக்குக் குறைந்தவை பிழைப்பது அரிது. முதல் இரண்டு மூன்று நாளில் நிறை சற்றுக் குறைதல் இயல்பு; அதன்பின் நாள்தோறும் சில கிராம் ஏறவேண்டும். ஏறாவிடின் குட்டிக்குப் பால் கிட்டவில்லை என்பது தெளிவு.

தாய்க்குப் பால்காம்புகள் இரண்டே உள்ளன. நான்கு குட்டிகள் முண்டியடிக்குமிடத்து நலிந்தது பின்தங்கிவிடும். வலிய குட்டிகளைச் சிறிது நேரம் அப்புறப்படுத்தி, நலிந்ததைத் தாயோடு தனியே விடுதல் நல்ல வழி. அதே வேளையில் ஈன்ற வேறொரு பெண் விலங்கு வீட்டில் இருப்பின், அது பிறிதின் குட்டிக்கும் பாலூட்டும் இயல்புடையது.

தாய் இறந்தாலோ பால் வற்றினாலோ மட்டுமே கையால் ஊட்டுதல் வேண்டும். கினிப்பன்றித் தீனைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்து, நீர்த்த கூழாக்கி, ஆறியபின் ஊசி நீக்கிய சிறு குழாயினால் உதட்டோரத்தில் துளி துளியாக வைத்தல் வேண்டும். குட்டியைக் குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்தல் ஆகாது. ஊட்டும் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காலூன்றி நிற்கும் நிலையிலேயே ஊட்டுக. முதல் நாட்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுத்தல் நன்று. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சினால் பின்புறத்தை மெல்லத் தடவினால் சிறுநீரும் மலமும் கழியும். தாய் நாவினால் நக்கிச் செய்வதும் இதுவே.

கொழும்பின் வெப்பத்தில் சூடு எதற்கு என்று வினவலாம். நனைந்த குட்டி, மழைக்கால இரவிலும் மின்விசிறிக் காற்றிலும் எளிதிற் குளிர்ந்துவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் வைத்தல் வேண்டும். மறுமுனை குளிர்ந்திருப்பது அவசியம். ஏனெனில், 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தாயை வாட்டும்.

குட்டியின் வலிமை தாயின் உணவிலிருந்தே தொடங்குகின்றது. மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் உயிர்ச்சத்து சீயைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது. நோர்வே நாட்டறிஞர் ஆக்செல் ஓல்சுற்றும் தியோடர் புரோலிக்கும் தானிய உணவு மட்டுமே கொடுத்த கினிப்பன்றிகளுக்குச் சொறிகரப்பான் நோய் வரக் கண்டு, 1907ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அச்சத்தை ஆராய்வதற்கு அதுவே வழி திறந்தது. சினையுற்ற தாய்க்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் தேவை. வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்கும் கறிமிளகாயும் ஒரு சிறு துண்டு கொய்யாவும் அதனைத் தரும். எனினும் முதன்மை உணவு புல்லே. அதனை வாகனப் புகையும் நாய்களின் அசுத்தமும் படாத இடத்தில் அறுத்தல் நன்று.

வீட்டில் எஞ்சிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்னும் எண்ணம் கொடியது. மனிதரைக் காக்கும் பென்சிலின், கினிப்பன்றியின் குடலிலுள்ள நற்கிருமிகளை அழித்து அதனைக் கொன்றுவிடும். மருந்தை விலங்கு வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினையுறக்கூடும். ஆதலின் பேறுகாலத்துக்கு முன்னரே ஆணைப் பிரித்து வைத்தல் கடன். மூன்றாம் வாரத்தில் ஆண்குட்டிகளையும் பிரித்துவிட வேண்டும். ஓயாது ஈனும் தாயின் உடல் நலியும். அதன் குட்டிகளும் நலிந்தே பிறக்கும்.

இத்தனையும் செய்தும் குட்டி பிழைக்காது போகலாம். அதனைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாள்தோறும் அதன் நிறையைக் குறித்து வந்த பிள்ளை, ஒரு காலையில் தராசு முன்னைய நாளினும் மூன்று கிராம் மிகுதி காட்டக் காணுமாயின், அம்மூன்று கிராமின் அருமையை நன்கு உணர்ந்துகொள்ளும்.