தடித்த கண்ணாடி, மெலிந்த பணப்பை

மைனஸ் 10 பவர் உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தால், அவருக்குத் தெளிவாகத் தெரிவது கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரம் வரைதான். பவர் 8 என்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நூறைப் பவரால் வகுத்தால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். அதற்கு அப்பால் ஆளும் மரமும் ஒரே புகைதான். கோலா குபு பாருவைச் சுற்றியுள்ள கெர்லிங், ராசா, களும்பாங் பக்கத்துத் தோட்டமொன்றில் இப்படிப்பட்டவரின் கண்ணாடி காலை எட்டு மணிக்கு உடைந்தால் அன்றைய கூலி போச்சு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பவும் வழியில்லை.

ரப்பர் காலத்தில் கிட்டப்பார்வைக்காரர்கள் ஓரளவு சமாளித்தார்கள். பால் வெட்டுகிறவரின் கண்ணுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு கை நீளம்தான். செம்பனை அப்படியல்ல. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டதிலிருந்து, தொழிலாளியின் பார்வை மெல்ல மெல்ல மேலே போய்விட்டது. தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் குலை பழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் உள்ள அரிவாள் எந்த மட்டையில் படுகிறது என்று பார்க்க வேண்டும். விழுகிற குலையிலிருந்து விலகவும் வேண்டும். தூரப்பார்வை மங்கியவருக்கு இது கூலிப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினையும்கூட.

கண்ணாடி போட்டால் கூலி கூடுமா என்பதை அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் அளந்தே பார்த்தார்கள். 40 வயதைத் தாண்டி, கிட்டத்தில் உள்ளது மங்கலாகிவிட்ட 751 கொழுந்து பறிப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி, மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. முதல் பிரிவினர் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடுதலாகப் பறித்தார்கள். உற்பத்தி உயர்வு 21 சதவீதத்துக்கும் மேல். தலைக்கு ஆன செலவோ ஏறத்தாழ 10 அமெரிக்க டாலர். 2018இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் இதை வெளியிட்டது. தோட்ட நிர்வாகங்கள் உரத்துக்குப் போடும் கணக்கைக் கண்ணாடிக்கும் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அஸ்ஸாமில் கொடுத்தவை எளிய வாசிப்புக் கண்ணாடிகள். மைனஸ் 8, மைனஸ் 10 அப்படி மலிவாகக் கிடைப்பதில்லை. ரவாங்கிலோ பத்தாங் காலியிலோ கண்ணாடிக் கடை வாசலில் தொங்கும் பலகை, பிரேமும் லென்ஸும் சேர்த்து நூறு ரிங்கிட்டுக்குள் என்று அழைக்கும். உள்ளே போய்ப் பவரைச் சொன்னதும் விலை வேறாகிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பொதுவாக மைனஸ் 6 வரை, சில வகைகளில் 8 வரை, லென்ஸ்கள் தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டுக் கையிருப்பில் இருக்கும். பவர் அதைத் தாண்டினாலோ, சிலிண்டர் பவர் அதிகம் சேர்ந்தாலோ அந்த ஒருவருக்காகவே தனியாகக் கடைந்து எடுக்க வேண்டும். பலகையில் இருக்கும் விலை எந்தப் பவர் வரை செல்லும் என்று, பிரேமைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடைக்காரர் அடுத்துச் சொல்வது 'ஹை இண்டெக்ஸ்'. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் ஒளிவிலகல் எண் 1.50. இன்று மலிவுக் கடைகளில் அதிகம் ஓடுவது 1.56. பிறகு 1.60, 1.67, 1.74 என்று எண் ஏற ஏற லென்ஸ் மெலியும், விலை தடிக்கும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவர் இங்கேதான் தடுமாறுகிறார். தடித்த 'சோடாபுட்டி' கண்ணாடிக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேலி இன்னும் காதில் நிற்கும். மெலிய லென்ஸுக்காகக் கடன் வாங்கவும் தயாராகிவிடுவார்.

கடன் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, விளிம்புக்குப் போகப் போகத் தடிப்பது. அந்தத் தடிப்பு, நடுவிலிருந்து விளிம்பு எவ்வளவு தூரம் என்பதன் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். தூரம் இரண்டு மடங்கானால் தடிப்பு நான்கு மடங்கு. பிரேமின் உட்புறத்தில், பெரும்பாலும் காதில் மாட்டும் கம்பியில், 54, 18 என்பது போல எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் ஒரு கண்ணுக்கான லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கின் மேல் வரும் இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டையும் கூட்டினால் 72. பிரேமைப் போடுகிறவரின் இரு கருவிழிகளுக்கு இடையிலான தூரம் 62 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக நிற்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு கண்ணிலும் அது 5 மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்துவிடும். காதுப் பக்கத்து விளிம்பு மையத்திலிருந்து 32 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

மைனஸ் 10 பவரில், சாதாரண 1.50 லென்ஸ் அந்த விளிம்பில் நடுப்பகுதியைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் தடிக்கும். அதே பிரேமில் 1.67 போட்டால் ஏழரை. இருப்பதிலேயே விலை கூடிய 1.74 என்றால் ஏறத்தாழ 7. இப்போது பிரேமை மாற்றுவோம். லென்ஸ் அகலம் 44, மூக்கு இடைவெளி அதே 18. கூட்டினால் 62, கருவிழித் தூரத்துக்குச் சரியாக வந்துவிட்டது. சாதாரண 1.50 லென்ஸே இதில் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆக, சரியான சின்ன பிரேமில் உள்ள மலிவு லென்ஸ், பெரிய பிரேமில் உள்ள விலையுயர்ந்த லென்ஸைவிட மெல்லியது. இவை தோராயக் கணக்குகள்தாம், லென்ஸின் வளைவைப் பொறுத்துச் சற்று மாறும். ஆனாலும் வித்தியாசம் சில்லறை வித்தியாசம் அல்ல. சினிமா நடிகர்கள் போடும் அகலப் பிரேம் மோகம் வலுத்த பவர்க்காரர்களுக்கு எத்தனை ரிங்கிட் நஷ்டம் வைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

சின்ன பிரேம் எல்லார் முகத்துக்கும் பொருந்தாது. அகன்ற முகத்தில் 44 ஒட்டிவைத்தது போல இருக்கலாம். அப்போது லென்ஸைச் சிறியதாகவே வைத்துக்கொண்டு மூக்கு இடைவெளி கூடிய பிரேமைத் தேடலாம். மூலைகள் இல்லாத உருண்டை வடிவம், விளிம்பை மறைக்கும் தடித்த பிளாஸ்டிக் சட்டம் இரண்டும் உதவும். பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. அண்ணாந்து பார்த்து வேலை செய்கிறவர் வாங்கும் முன் கடையிலேயே அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இண்டெக்ஸ் ஏறுவதில் கடைக்காரர் அதிகம் பேசாத இன்னொரு சங்கதியும் உண்டு. சாதாரண 1.50 பிளாஸ்டிக்கில் நிறங்கள் பிரிவது குறைவு. 1.67, 1.74, பாலிகார்பனேட் போன்றவற்றில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஓரமாகப் பார்க்கையில் விளக்குகளைச் சுற்றி நீலமும் மஞ்சளும் கசியும். எதிரொளிப்பும் கூடும். 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்றால் 1.67 ஆறு சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அதனால் மெலிய லென்ஸுக்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கட்டாயமாகிறது. பாலிகார்பனேட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு, அடி தாங்கும். மட்டைத் துகளும் முள்ளும் மேலிருந்து கொட்டுகிற செம்பனை வேலைக்கு அது நியாயமான தேர்வு. ஆனாலும் சாதாரண பிரேமில் போட்டுவிட்டால் அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடாது.

பவர் ஏறும்போது பொருத்தமும் பவரின் பகுதியாகிவிடுகிறது. மைனஸ் 10 கண்ணாடி வியர்வையில் வழுக்கி 4 மில்லிமீட்டர் இறங்கினால், கண்ணுக்குக் கிடைப்பது ஒன்பதரைக்குச் சற்று மேல்தான். பவர் ஏறிவிட்டது என்று புதுக் கண்ணாடி வாங்கப் போகிற சிலருக்கு, கம்பியை இறுக்கி மூக்குத் தாங்கியை மாற்றினாலே போதும். பல கடைகளில் அதற்குக் காசு கேட்பதில்லை. பின்பக்கம் கட்டும் பட்டை ஒன்றும் வேலைக்காரரின் கண்ணாடியில் இருக்க வேண்டியதுதான்.

நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் உள்லென்ஸும் வீங்கிச் சுருங்கும், பவரும் கூடவே ஆடும். சர்க்கரை கட்டுப்படாத வாரத்தில் சோதித்து வாங்கிய கண்ணாடி, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் பொருந்தாமல் போகும். சில வாரங்கள் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு சோதிப்பதே காசுக்குக் காவல்.

சோதனையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மைனஸ் 10இல் அரை பவர் தவறினால் தனியாகக் கடைந்த லென்ஸ் முழுவதும் வீண். 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் யார் என்று பார்த்துப் போகலாம். கோலா சிலாங்கூர் மாவட்டத்திலேயே, புஞ்சாக் ஆலாமில் உள்ள யூஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்தில் ஆப்டோமெட்ரி படிப்பு நடக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் விரிவுரையாளரின் மேற்பார்வையில் நிதானமாகச் சோதிப்பார்கள். சோதனைச் சீட்டையும் கருவிழித் தூரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டால் நாலு கடையில் விலை கேட்கலாம். பிரேம் நன்றாக இருந்தால் லென்ஸை மட்டும் மாற்றலாம். பழைய கண்ணாடியைக் கைப்பிள்ளையிடம் விளையாடக் கொடுக்காமல் மாற்றுக் கண்ணாடியாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பவர் குறைவாக இருந்தாலும் வீடு வந்து சேர அது போதும். கையில் இருக்கும் பணத்துக்கு மெலிய லென்ஸ் ஒன்றா, சாதாரண லென்ஸில் இரண்டா என்ற கேள்வி வந்தால், தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இரண்டுதான் சரி.

மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் காண்டாக்ட் லென்ஸ் வாங்குவது வேறு கதை. பதிவு பெறாதவர்கள் அவற்றை விற்பது அதே 1991 சட்டப்படி குற்றம். தூசியும் மண்ணும் படிந்த கையால் அதைப் போட்டுக் கழற்றினால் கருவிழியில் புண் வரும். அந்தச் செலவுக்குப் பல கண்ணாடி வாங்கிவிடலாம்.

கண்ணாடி பார்வையைத்தான் திருத்துகிறது, கண்ணை அல்ல. மைனஸ் 6க்கு மேல் போன கண் பெரும்பாலும் நீளமாக வளர்ந்துவிட்ட கண். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். திடீரென்று மின்னல் போல வெளிச்சக் கீற்றுகள், புதிதாகக் கறுப்புப் புள்ளிகளின் கூட்டம், ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவது போன்ற நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இருக்காது என்பதால்தான் பலர் நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

கிட்டப்பார்வை வலுத்தவர்களுக்குக் கண்புரையும் சற்றுச் சீக்கிரமே வரும். அதில் ஒரு நன்மையும் உண்டு. புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தால், பழைய மைனஸ் பவரில் பெரும்பகுதி அதோடு போய்விடும். அந்த லென்ஸ் ஏழைகளுக்கு எட்டியதில் மதுரைக்குப் பங்கு உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பகுதிக்கு அதைத் தயாரித்தது. ஐம்பதைத் தாண்டியவருக்குக் கண்ணாடியை மாற்றியும் மங்கல் தீரவில்லை என்றால், விலை கூடிய அடுத்த லென்ஸுக்கு முன்பணம் கட்டும் முன் புரை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அதற்கான வழி அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தொடங்குகிறது. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரிடம் 5 ரிங்கிட். கோலா குபு பாரு மருத்துவமனையிலோ உள்ளூர்க் கிளினிக்கிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கினால் சுங்கை பூலோ, செலாயாங் மருத்துவமனைகளின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். கையில் காசே இல்லாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவைக் கேட்கலாம். சங்கடப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு அதுதான் வேலை. கண் பிரிவில் விழித்திரையைப் பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண் பாப்பா விரிந்து சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் போகாமல் கோலா குபு பாரு நிலையத்திலோ ராசாவிலோ கொமுட்டர் ரயில் ஏறலாம். அதே பாதை சுங்கை பூலோ வழியாகத்தான் போகிறது. பழைய கண்ணாடி, பழைய சோதனைச் சீட்டு, நீரிழிவு இருந்தால் அதன் மருந்துப் புத்தகம், கூட ஒரு ஆள், இத்தனையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.