அம்மையும் கடல்கட்டியும்

(தூத்துக்குடியில் பேசிய பேச்சின் சுருக்கம்)



இந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் ‘கடல்கட்டி’ என்று ஒருவன் இருந்தான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் வேலை. எடுக்கிற முத்தில் 20-ல் ஒரு பங்கு இப்படிப்பட்ட மந்திரக்காரர்களுக்குப் போயிற்றென்று 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். மூச்சடக்கி மூழ்கினவன் ஒருவன். மூழ்காமலே பங்கு வாங்கினவன் இன்னொருவன். சுறா கடித்தாலோ, மந்திரத்தின் பேரில் குற்றமில்லை, கடிபட்டவன் தலைவிதி! 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. கடல்கட்டி மாத்திரம் போகவில்லை. குழந்தைக்கு அம்மை கண்ட வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சின்னம்மை கண்டால் ‘ஆத்தாள் வந்திருக்கிறாள்’ என்கிறோம். டாக்டரிடம் போனால் கோபிப்பாள் என்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே இறங்கிவிடுகிறது. பேர் வேப்பிலைக்குப் போய்விடுகிறது. ஆனால் உடைந்த கொப்புளம் திறந்த வாசல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு கிருமி, மணி கோத்தாற்போல் வரிசையாய் நிற்பது. சாதாரணமாகத் தொண்டைப் புண்ணோடும் சிரங்கோடும் நின்றுவிடும். கொப்புளத்தின் வழியாய் இரத்தத்திலும் சதையிலும் இறங்கிவிட்டாலோ, மணிக்கணக்கில் உயிரைக் கொண்டுபோகும்.

என் அக்காள் மகனுக்கு அப்போது நாலு வயது. தலைக்குத் தண்ணீர் விட இருந்த சமயத்தில் மறுபடியும் காய்ச்சல் கண்டது. தொடை வீங்கிற்று, தொட்டால் அலறினான். ‘ஆத்தாள் உக்கிரமாயிருக்கிறாள், கூழ் ஊற்றுங்கள்’ என்றார்கள். மேடை மேடையாய்ப் பகுத்தறிவு பேசுகிற நானும், வீட்டில் எதற்குச் சண்டையென்று ஓர் இரவு வாய் மூடியிருந்தேன். விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ‘நேற்றே வந்திருக்கக் கூடாதா?’ என்றார் டாக்டர். அவனை வெறுங்கையோடு விட்டுவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆத்தாள் கோபம் என்பவர்களை ஒன்று கேட்கிறேன். 2020, 2021-ல் கோவிடுக்காக ஜனங்கள் விலகியிருந்தபோது இந்நோய் பல நாடுகளில் குறைந்தது. மறுபடியும் கூடிப் பழகின பிறகு, 2022 டிசம்பரில், பிரிட்டன், பிரான்சு, அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய 5 நாடுகளில், முக்கியமாய் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம், இது பெருகியிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அங்கே எந்த மாரியாத்தாள் கோபித்தாள்? அதிக நஞ்சு சுரக்கும் புதுவகைக் கிருமி பிரிட்டனில் பரவியிருப்பதை விஞ்ஞானிகள் 2019-லேயே கண்டு சொல்லியிருந்தார்கள். கிருமிகூட மாறுகிறது, தோழர்களே! நாம்தான் மாறமாட்டோம் என்கிறோம்.

எவ்வளவு மாறினாலும் இக்கிருமி பென்சிலினுக்கு இன்றும் அடங்குகிறது. ஆனால் காலத்தில் கொடுக்கவேண்டும். ஆகவே, அம்மை கண்ட குழந்தையின் நகத்தை வெட்டுங்கள். உடம்பைச் சுத்தமாய் வையுங்கள். விட்ட காய்ச்சல் திரும்பினால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால், புண்ணின் அளவுக்கு மீறி வலித்தால், மூச்சு வாங்கினால், குழந்தை சோர்ந்து கிடந்தால், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். வேப்பிலை வேண்டுமானால் வாசலில் தொங்கட்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்.